இடது கை உறைகள்

ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர்கள் போட்டுக்கொள்ளும் ரப்பர் கையுறை இன்றைக்கு ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிகிற சாமான். நான் நர்ஸாக இருந்த காலத்தில் அப்படி இல்லை. ஒரு ஜோடி உறை மாதக்கணக்கில் உழைக்கும். ஒவ்வொரு ஆபரேஷனுக்குப் பிறகும் அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாயை முறுக்கிப் பிடித்துக் காற்றை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் ஓட்டை. அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு, பழைய உறையிலிருந்து வெட்டிய துண்டில் சொல்யூஷன் தடவி ஒட்ட வேண்டும். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவது போலத்தான். பிறகு காயவைத்து, பவுடர் தூவி, ஜோடி சேர்த்து, துணிப் பையில் போட்டு ஆவியில் வைத்து எடுப்போம். ஆறு வருஷம் என் வேலையில் பாதி இதுதான். நர்ஸ் என்று பெயரே தவிர, என்னைப் பஞ்சர்க்காரி என்று கூப்பிட்டிருந்தாலும் தப்பில்லை.

இது ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது. திருச்சியில் எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். நான் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும்.

எங்களுக்கெல்லாம் மேலே இருந்த தியேட்டர் சிஸ்டர் இரண்டு சட்டம் வைத்திருந்தார். ஒட்டுத் துண்டை உறையின் உள்பக்கம்தான் ஒட்ட வேண்டும் என்பது முதல் சட்டம். வெளிப்பக்கம் ஒட்டினால் ஆபரேஷன் நடுவே அது பிய்ந்து நோயாளியின் வயிற்றுக்குள் விழுந்துவிடலாம். நியாயமான சட்டம். ஒரே உறையில் மூன்று ஒட்டு விழுந்துவிட்டால் அதைக் கண்டம் செய்து, அதாவது உதவாதென்று கழித்து, பிணவறைக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது இரண்டாவது. இதுவும் அப்போது எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது. செத்தவர்களுக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்டார்கள். செத்தவர்களைத் தொடுகிற கைக்கு என்ன வரும் என்று யாரும் கேட்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் டாக்டர்கள் எல்லோருக்கும் வலது கைப் பழக்கம். வலது கையில் ஊசியைப் பிடித்துத் தைக்கும்போது அது போய்க் குத்துவது இடது கை விரலில். அதனால் இடது கை உறைகள்தான் சீக்கிரம் கண்டமாகும். வலது கை உறை அலமாரியில் ஜோடி இல்லாமல் குத்துக்கல் மாதிரி கிடக்கும். வாரத்துக்கு ஒன்பது, பத்து உறை பிணவறைக்குப் போகும் என்றால், அதில் வலது கை ஒன்று இருந்தால் அதிகம்.

சனிக்கிழமை மத்தியானம் அவற்றை வாங்கிப் போகப் பிணவறையிலிருந்து ஒருவர் வருவார். பிணங்களைக் கழுவுவது, டாக்டர் காட்டும் இடத்தில் அறுப்பது, மண்டையோட்டை ரம்பத்தால் திறப்பது, கடைசியில் கோணி ஊசியால் தைத்து உறவுக்காரர்களிடம் ஒப்படைப்பது, எல்லாம் அவர் ஒருவர்தான். போஸ்ட்மார்ட்டம் டாக்டர் செய்வது என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். டாக்டர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்பார். கையை உள்ளே விடுவது இவர். குடிக்காமல் அந்த வேலையைச் செய்ய முடியாது என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொள்வார்கள். மதுவிலக்கு அமலில் இருந்த நாளிலும் அவருக்கு எங்கிருந்தோ சரக்கு வருகிறது என்று கதை கட்டினார்கள். அவர் குடிக்க மாட்டார். வெற்றிலையும் புகையிலையும்தான். வாயில் அந்தக் காரம் இருந்தால் மூக்குக்கு வேறு எதுவும் எட்டாது என்பார்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. அவருக்கு நாற்பது இருக்கும். அவர் என்னைச் சிஸ்டரம்மா என்பார். நான் அவரை நீ, வா, போ என்பேன். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள் என்று சொல்லி நான் நழுவிவிடலாம். ஆனால் என் வாயால் பேசியது நான்தானே. பின் வராந்தாவின் படியில் அவர் ஏறமாட்டார். கீழேயே நின்று எனாமல் பேசினை நீட்டுவார். நான் மேலே இருந்தபடி உறைகளை அதில் போடுவேன்.

ஒரு சனிக்கிழமை அவர் உறைகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எல்லாம் இடது கையாவே இருக்குங்கம்மா."

"அதுக்கு என்ன இப்ப?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. வலது கைக்கு வெறுங்கையா இருக்க வேண்டியிருக்கு."

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு இடது கை உறையை எடுத்து, உள்ளே ஊதி, உள்பக்கம் வெளியே வருமாறு அப்படியே புரட்டினேன். கட்டைவிரல் இந்தப் பக்கம் வந்துவிட்டது. இடது கை உறை வலது கை உறை ஆகிவிட்டது.

"இந்தா, போட்டுப் பாரு. புத்தி இருந்தா பொழைச்சுக்கலாம்."

அவர் போட்டுப் பார்த்தார். விரல்களை மடக்கி விரித்தார். "அட, சரியாத்தான் இருக்குங்கம்மா," என்று சிரித்தார். எனக்கு அன்று பெருமை பிடிபடவில்லை. சாயங்காலம் நர்ஸுகள் டீ குடிக்கும்போது அதை எல்லோரிடமும் சொன்னேன். சிரித்தார்கள். ஒட்டுத் துண்டெல்லாம் உள்பக்கம்தானே இருக்கிறது, புரட்டினால் அது எங்கே போகும் என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. தினம் அதை ஒட்டுகிற எனக்கே தோன்றவில்லை.

இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். ஒரு சித்திரை மாதம், திங்கட்கிழமை. அன்று காலையில் எனக்கு நேரமே சரியில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிற பஸ் காவிரிப் பாலத்தின் மேல் நின்றுவிட்டது. இறங்கி நடந்து, வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தால், முதல் ஆபரேஷனிலேயே பெரிய டாக்டரின் கையில் ஒரு உறை கிழிந்தது. நான் ஒட்டியது. தியேட்டர் சிஸ்டர் எல்லோர் முன்னாலும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். கண்ணில் வந்த தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு பின் வராந்தாவில் உறைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது பிணவறைக்காரர் வந்து படிக்குக் கீழே நின்றார். சனிக்கிழமை இல்லாத ஒரு நாளில் அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"சிஸ்டரம்மா, வலது கை உறை ஒண்ணு இருந்தா குடுங்க. நல்லதா."

"சனிக்கிழமைதானே ஒம்பது குடுத்தேன்?"

"அதுல வலது இல்லீங்கம்மா. வையம்பட்டியிலேருந்து ஒரு பொம்பளை கேசு வந்திருக்கு. கெணத்துல கெடந்து நாலு நாளாச்சாம். வெஷம்னு சந்தேகம், முழுசாப் பாக்கணும்னு போலீஸ் சொல்லுது. நேத்து ரம்பம் புடிச்சதுல கையில கொப்புளம் ஒடைஞ்சு கெடக்கு."

வலது உள்ளங்கையைக் காட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே நாலணா அகலத்துக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

உள்ளே அலமாரியில் ஜோடி இல்லாத நல்ல வலது கை உறைகள் இருபதுக்குக் குறையாமல் இருந்தன. அலமாரிச் சாவி அன்று என்னிடம்தான் இருந்தது. இடுப்பு பெல்டில் கொத்தாகத் தொங்கியது. ஆனால் கண்டமாகாத உறையைப் பிணவறைக்குக் கொடுத்தேன் என்று தெரிந்தால், காலையில் வாங்கியது போதாதென்று இன்னொரு தடவை வாங்க வேண்டும். அந்தக் கோபத்தையெல்லாம் திருப்பிப் பேச முடியாத ஒருத்தர் மேல் கொட்ட எனக்கு இடம் கிடைத்தது.

"ஒனக்குன்னு அளவெடுத்துத் தைச்சுக் குடுக்கணுமா? சாவி சிஸ்டர்கிட்ட இருக்கு. நான்தான் ஒரு தடவை சொல்லிக் குடுத்திருக்கேன்ல, திருப்பிப் போட்டுக்க. போ, வேலை கெடக்கு."

"சரிங்கம்மா," என்றார். அவ்வளவுதான். புங்க மரத்தடி வழியாக நடந்து போனார். மரத்தடியில் அந்தப் பெண்ணின் ஊர்க்காரர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

புதன்கிழமை மறுபடி வந்தார். வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு வந்தார். அவுட் பேஷண்ட் வரிசையில் நின்றிருக்கிறார். பக்கத்தில் நின்றவர்கள் அவர் யாரென்று தெரிந்ததும் ஒதுங்கிவிட்டார்கள். மருந்து கொடுக்கிறவர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு ஒரு மிக்சரை ஊற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"கொஞ்சம் டிங்க்சர் இருந்தா ஊத்துங்கம்மா. வலி தாங்கல."

கை இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. உள்ளங்கை கறுத்திருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல் வரை ஒரு சிவப்புக் கோடு ஓடியது. படியிறங்கிப் போய் அவர் அக்குளைத் தொட்டுப் பார்த்தேன். நெறி கட்டி உருண்டையாக இருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. அவரை நான் தொட்டது அன்றுதான் முதல் தடவை.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"அன்னிக்கேங்கம்மா. குடலு, ஈரலு எல்லாம் எடுத்து மெட்ராசுக்குப் பரிசோதனைக்கு அனுப்ப ஜாடியில போட்டு உப்புக் கரைச்சு ஊத்துவோம்ல. அந்த உப்பு உள்ளங்கையில எரிஞ்சுது. அப்பத்தான் தெரிஞ்சுது, ஒட்டு போயிருச்சுன்னு."

"ஒட்டு எப்படிப் போகும்? நான் ஒட்டினது அது."

சாகப்போகிற மாதிரி ஒரு மனுஷன் எதிரே நிற்கிறார். நான் என் ஒட்டுக்கு வக்காலத்து வாங்குகிறேன். அந்த வாயை நினைத்தால் எனக்கே அறையலாம் போலிருக்கிறது.

கையைப் பிடித்து நானே அழைத்துப் போய்ச் சேர்த்தேன். பென்சிலின் ஊசி போட ஆரம்பித்தார்கள். ஆனால் வார்டில் அவருக்குக் கட்டில் கிடைக்கவில்லை. பிணம் அறுக்கிறவன் பக்கத்தில் படுத்தால் விளங்குமா என்று இரண்டு பக்கத்து நோயாளிகளும் எழுந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு அம்மாள் தன் புருஷனை டிஸ்சார்ஜ் செய்து கூட்டிப் போய்விடுவேன் என்று சண்டைக்கு வந்தாள். கடைசியில் வராந்தாக் கோடியில், கக்கூஸுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டார்கள். டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில், கையுறை போடாமல் வேலை செய்ததால் வந்த காயம் என்று எழுதினார். யாரையும் கேட்கவில்லை. எழுதினார்.

"போட்டிருந்தேங்க," என்று அவர் காய்ச்சலில் முனகினார். டாக்டர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அன்று மத்தியானம் நான் பிணவறைக்குப் போனேன். ஆறு வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் நான் கால் வைத்ததில்லை. ஓடு போட்ட ஒரே அறை. நடுவில் சிமெண்ட் மேடை, ஒரு மூலையில் வாளி, இன்னொரு மூலையில் உப்பு மூட்டை. கை கழுவ அறைக்குள் குழாய் கிடையாது. வெளியே இருபதடி தள்ளித்தான் இருந்தது. வாடை சொல்லும்படியாக இல்லை. ஜன்னலுக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றில் உறைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் நான் கொடுத்தவை. இடது கைக்கு நாலைந்து நேராகத் தொங்கின. மற்றவை எல்லாம் உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டியவை. ஒவ்வொன்றிலும் என் ஒட்டுகள் வெளியே தெரிந்தன. மற்ற நர்ஸுகள் சதுரமாக வெட்டுவார்கள். நான் மட்டும் காலணாவை வைத்து வட்டமாக வெட்டுவேன். வட்டத்தில் முனை கிடையாது, பிய்ந்து வராது என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

ஒரு உறையில் கட்டைவிரலுக்குக் கீழே இருந்த வட்டம் பாதி உரிந்து தொங்கியது. கையில் எடுத்துப் பார்த்தேன். விலா எலும்பின் முனையில் உரசி ஓரம் எழும்பி, ஈரத்தில் ஊறிப் பிய்ந்திருக்கிறது. அதற்குப் பின்னால் ஓட்டை. உள்ளே கை இருக்கும்போது, ஒட்டு உள்பக்கம் இருந்தால் கையே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வெளிப்பக்கம் இருந்தால் எதிர்ப்பட்டதெல்லாம் அதை நெம்பும். வயிற்றுக்குள் விழக்கூடாது என்று தியேட்டரில் எதற்குப் பயந்தோமோ, அதை இங்கே நானே சொல்லிக் கொடுத்துச் செய்ய வைத்திருக்கிறேன்.

அந்த உறையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

ஸ்ரீரங்கத்தில் நான் குடியிருந்த வீட்டுக்காரமாமி அன்று என்னைப் பின்வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "என்னடீ இது, ஒரு தினுசா வாசனை அடிக்கறதே. எங்கேயாவது தீட்டுல போய் நின்னுட்டு வந்தியா? கிணத்தடியில ஸ்நானம் பண்ணிட்டு அப்புறமா உள்ளே வா. பெருமாள் சன்னதித் தீர்த்தம் வச்சிருக்கேன்." கோபப்படத் தெம்பில்லாமல் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். அந்த வாடை போய்விட்டது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பென்சிலின் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை கையைக் கீறிச் சீழை எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விரல்கள் செத்துக் கறுத்துவிட்டன. உயிரா கையா என்று வந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் பெரிய டாக்டர் அவருடைய வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்தார். நான்தான் கருவிகளை எடுத்துக் கொடுத்தேன். ஒட்டுப் போடாத புது ஜோடி உறையை டாக்டருக்கு மாட்டிவிட்டதும் நான்தான்.

உயிர் தப்பியது. கை போனது போனதுதான், வேலையாவது மிஞ்சுமா என்பதுதான் அடுத்த கேள்வி. அவருக்கு மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும். ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. வேலையில் அடிபட்டவர் மேல் தப்பில்லை என்றால், கேட்டில் காவல்காரர் மாதிரி ஏதாவது ஒரு லேசான வேலை கொடுப்பார்கள். அவருடைய கவனக்குறைவு என்று ஆகிவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நிர்வாகம் பார்த்த டாக்டரை ஆர்.எம்.ஓ. என்போம். அவர் ஒரு வியாழக்கிழமை விசாரணை வைத்தார். மேஜை மேல் அந்தக் கேஸ் ஷீட் இருந்தது. கையுறை போடாமல் வேலை செய்ததால் வந்த காயம்.

நான் கேட்காமலே உள்ளே போனேன். துணியைப் பிரித்து உறையை மேஜை மேல் வைத்தேன்.

"சார், இவர் உறை போட்டுத்தான் வேலை செஞ்சார். ஒட்டு பிரிஞ்சிருக்கு, பாருங்க."

நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டு போனேன். பாதி உண்மையை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. பக்கத்தில் நின்ற தியேட்டர் சிஸ்டர் உறையை ஒரு குச்சியால் புரட்டிப் பார்த்தார்.

"ஒட்டு வெளிப்பக்கம் இருக்கே. நாங்க உள்பக்கம்தான் சார் ஒட்டுவோம். இது புரட்டிப் போட்டது."

ஆர்.எம்.ஓ. பிணவறைக்காரரைப் பார்த்தார். அவர் கதவோரம் நின்றிருந்தார். கட்டுப் போட்ட கையைத் துண்டால் மூடியிருந்தார்.

"புரட்டியா போட்டே?"

"ஆமாங்க."

"யார் போடச் சொன்னா?"

நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. அம்மாவுக்கு நான் அனுப்புகிற பணம், என் வேலை, அந்தத் திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் வாங்கிய திட்டு, எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. நான் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரும் சொல்லலீங்க," என்றார் அவர். "நானாத்தான் போட்டுக்கிட்டேன்."

"வலது கை உறை வேணும்னு தியேட்டர்ல கேட்டியா?"

"கேக்கலீங்க."

ஆர்.எம்.ஓ. பேனாவை மூடினார். உறை போடவில்லை என்று மட்டும் இருந்திருந்தால்கூட ஏதாவது இரக்கம் பார்த்திருப்பாரோ என்னவோ. நான் கொண்டுபோய் வைத்த உறை அவரை வசமாக மாட்டிவிட்டது. கொடுத்த உறையைக் கண்டபடி புரட்டிப் போட்டுக்கொண்டவன், வேண்டியதைக் கேட்டு வாங்காதவன். தன் கவனக்குறைவு என்று எழுதினார். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் ஆஸ்பத்திரியை விட்டுப் போனார். எடமலைப்பட்டி புதூரில் வீடு. கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்காக அவரும் மனைவியும் நின்றிருந்தார்கள். மனைவியின் கையில் ஒரு துணி மூட்டையும் அந்த எனாமல் பேசினும். டியூட்டி முடிந்து வந்த நான் அவர்களைக் கடந்து போய்விடத்தான் பார்த்தேன். முடியவில்லை. திரும்பி வந்து எதிரே நின்றேன்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க? புரட்டிப் போடச் சொன்னது நான்தானே. அன்னிக்கு வலது கேட்டீங்களே."

நீங்க என்று என் வாயில் வந்தது. அதை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"கேட்டேங்கம்மா," என்றார். "சாவி உங்க இடுப்புலதான் தொங்குச்சு. அதையும் பாத்தேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவமானம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அங்கேயே சொல்லியிருக்கலாமே," என்றேன். "உங்களுக்கு வேலையாவது கெடைச்சிருக்கும்."

"கெடைச்சிருக்கும். உங்களை மாத்தியிருப்பாங்க. வேற ஒரு சிஸ்டர் வந்திருப்பாங்க. அவங்களுக்கு இதெல்லாம் என்னங்கம்மா தெரியும்? கண்டமானதை அள்ளிப் போட்டுட்டுப் போவாங்க." துண்டை இழுத்து, இல்லாத கையின் மேல் சரியாகப் போட்டுக்கொண்டார். "என் எடத்துக்கு என் மச்சினனைப் போட்டிருக்காங்க. இவளோட தம்பி. திங்கக்கிழமையிலேருந்து வரான். போன மாசந்தான் கல்யாணம் ஆச்சு அவனுக்கு."

மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

"அவனுக்கு வலது குடுங்க," என்றார். "உங்களுக்குத்தான் இப்பத் தெரியும்."

பஸ் வந்தது. ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து ஏறத் தெரியாமல் தடுமாறினார். மனைவி பேசினைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றினாள். நான் அந்தப் பேசினை எடுத்து அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் தியேட்டருக்குப் போனேன். மூன்று ஒட்டு விழுந்து கண்டமாகாத உறையைப் பிணவறைக்குக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அலமாரியைத் திறந்து, ஓட்டை ஒன்றுகூட இல்லாத நாலு வலது கை உறைகளை எடுத்தேன். ஒவ்வொன்றிலும் மணிக்கட்டுக்கு மேலே, கை படாத இடமாகப் பார்த்து, ஊசியால் மூன்று மூன்று தடவை குத்தினேன். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு ஓட்டையையும் ஒட்டினேன்.